நானா பேசணுமாம்

சன்னாசி என்ற பெயர் அவனுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. ஆசையை விட்டவனுக்கு வைக்கிற பெயர் அது. இவனோ பக்கத்தில் இருப்பவனின் தட்டில் விழுகிற அப்பத்துக்கு ஓரம் எவ்வளவு முறுகியிருக்கிறது என்றுகூட எட்டிப் பார்க்கிறவன். பிறவியிலேயே அப்படித்தான் என்று சொன்னால் பாவம். திருகோணமலைக்கு வந்த பிறகு பிடித்த நோய் அது. யோகராசா வந்த பிறகு முற்றியது.

எழுபத்தேழு ஆவணியில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தபோது, மாத்தளைப் பக்கத்தில் அவன் இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளைக் கொளுத்திவிட்டார்கள். இரண்டு நாள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தான். மூன்றாம் நாள் யாரோ ஒரு லொறியைக் காட்டி ஏறு என்றார்கள், ஏறினான். எங்கே போகிறது என்று கேட்கவில்லை. அப்பனும் ஆத்தாளும் தங்கச்சியும் முந்தின வருடமே இந்தியாவுக்கென்று எழுதிக் கொடுத்து, தலைமன்னாரில் கப்பலேறியிருந்தார்கள். இவனுடைய விண்ணப்பம் மட்டும் கொழும்பில் ஏதோ ஓர் அரசாங்கக் கந்தோரில் வேறு ஒரு கட்டுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. உடுத்திருந்த சாரமும் சட்டையும்தான் சொத்து.

லொறி இறக்கிவிட்ட இடம் திருகோணமலையில் ஒரு பள்ளிக்கூடம். மூன்று கிழமை அங்கே சோறு கிடைத்தது. பிறகு பிள்ளைகள் படிக்க வரவேண்டும் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். கொழும்பைக் கண்டவனுக்குத் திருகோணமலை பெரிய பட்டணமாகத் தெரியாது. சன்னாசிக்கு அது உலகத்தின் விளிம்பு. தெருவுக்குத் தெரு கடை, முற்றவெளியில் மாடுகளோடு மாடாக மேய்கிற மான்கள், எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் குறுக்கே வந்து நிற்கிற கடல். மலையில் வழி தவறினால் இறங்கிப் போனால் ஏதாவது ஒரு லயம் வரும். இங்கே இறங்கிப் போனால் தண்ணீர்தான் வந்தது.

துறைமுக வாசல் கேற்றடியில் ஒருவர் அவனுடைய தோளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மகன், நாட்டாமை வேலைக்கு வாறியா?" என்று கேட்டார். சன்னாசி திகைத்துப்போனான். அவன் ஆத்தாள் சொல்லக் கேட்ட கதைகளில் நாட்டாமை என்றால் ஊருக்குப் பஞ்சாயத்துப் பண்ணுகிற பெரிய மனிதர். "எனக்கு அவ்வளவு வயசு பத்தாதுங்களே" என்றான். கேற்றடியில் நின்ற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்த ஊரில் மூட்டை சுமக்கிறவனுக்குத்தான் நாட்டாமை என்று பெயர்.

கேட்டவர் கிண்ணியாக்காரர், அபூதாஹிர். கப்பலிலிருந்து வத்தைப் படகுகளில் வந்து இறங்குகிற அரிசி, கோதுமை மா மூட்டைகளைக் களஞ்சியத்துக்குச் சுமக்கிற கூட்டத்துக்கு அவர்தான் கங்காணி. தோட்டத்தில் கங்காணி என்றால் பிரம்பு. இவரோ சத்தம் போடாத மனிதர். எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டார்கள், சன்னாசியும் அப்படியே கூப்பிட்டான்.

அந்தக் கூட்டத்தில் இருபத்திரண்டு பேருக்குப் பித்தளை நம்பர் இருந்தது. புஜத்தில் தோல் வாரால் கட்டிக்கொள்ளுகிற வட்டத் தகடு. அது உள்ளவன் கேற்றைத் திறக்கச் சொல்லிக் கேட்கத் தேவையில்லை. வத்தை வந்தால் முதல் மூட்டை அவனுக்கு. வெயில் சாயும்போது கால் நீட்ட, ஓலை வேய்ந்த நாட்டாமை வாடியில் அவனுக்கென்று ஓர் இடம். நம்பர் இல்லாதவன் கேற்றுக்கு வெளியே குந்தியிருக்கவேண்டும். யாராவது வராத நாளில், ஆள் பற்றாத நாளில், உள்ளே இருந்து ஒரு கை அசையும். சன்னாசி அந்தக் கைக்காக ஒன்றரை வருடம் குந்தியிருந்தான். படுக்கை பஸ் நிலையத்தில், பிறகு பூரணத்தின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் விறகு அடுக்கிய பத்திச் சாய்ப்பில்.

பூரணம் சல்லி என்ற கரையூரில் பிறந்தவள். புருசன் கடலோடு போன பிறகு துறைமுகத்தடியில் அப்பமும் மீன்குழம்பும் போட்டுப் பிழைத்தாள். அவளிடம் சாப்பிட வருகிற எவனும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். "நீ ஆற்ற மகன்?" பெயரைக் கேட்கமாட்டாள், ஊரைக் கேட்கமாட்டாள். ஆருடைய மகன் என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அவளுக்குத் தெரிந்தமாதிரி. பூரணம் மட்டுமல்ல, கேற்றுக் காவலன், வத்தைக்காரன், மூதூருக்கு ஓடுகிற லோஞ்சுப் படகில் ரிக்கற் கிழிப்பவன், எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அப்பன் பெயர் பெரியாண்டி என்று சன்னாசி சொன்னால், கேட்டவருடைய முகத்தில் ஒன்றும் அசையாது. "எந்தப் பெரியாண்டி?" என்பார்கள். இந்தியாவுக்குக் கப்பலேறின பெரியாண்டி என்றால், "ஓ, தோட்டத்துப் பொடியனோ" என்று அதோடு கதை முடிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் தோட்டக்காட்டான் என்றும் சொல்வார்கள். அது காதில் விழாதமாதிரி இருக்க அவன் பழகிக்கொண்டான்.

கேற்றடிக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு கூத்து நடந்தது. வாடியில் இருந்தபடி அபூதாஹிர் நானா பூரணத்தின் மீன்குழம்பைப் புகழ்ந்து தள்ளியிருந்தார். நல்ல வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று சன்னாசி கடைக்கு ஓடி, "அக்கா, நானா ஒங்களப் பத்தி ரொம்ப நேரம் பேசுனாரு" என்றான். அகப்பை பூரணத்தின் கையிலேயே நின்றது.

"என்னைப் பேசினவரோ? அவருக்கு நான் என்ன குறை வைச்சனான்?"

அடுத்த நாள் நானாவுக்குப் பிளேன்டீ கிடைக்கவில்லை. இரண்டு நாள் அந்தப் பெரிய மனிதர் காரணம் தெரியாமல் வெறும் வாயோடு வேலை பார்த்தார். விசயம் வெளியே வந்தபோது துறைமுகமே சிரித்தது. பூரணம் சன்னாசியைக் கூப்பிட்டு அடுப்படியில் நிறுத்தி அகப்பையை நீட்டிச் சொன்னாள்: "இஞ்ச பார். இஞ்ச பேசுறதெண்டா ஏசுறது. விளங்குதோ? அம்மா பேசுவா, வாத்தி பேசுவார். சும்மா வாயத் திறந்து சொல்லுறது கதைக்கிறது. நீ கதைக்கிறதெண்டு சொல்லிப் பழகு."

பழகினான். தனியே மூட்டை சுமக்கும்போது உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். கதைக்கிறது, கதைச்சவர், கதைக்கோணும். ஒருநாள் துணிந்து ஆட்களுக்கு நடுவே சொன்னபோது, "அட, தோட்டம் எங்கட கதை கதைக்குது" என்று ஒருவன் கைதட்டினான். அன்றைக்கு மூடிய வாய்தான். அதன் பிறகு தன் பேச்சிலேயே பேசினான். ஆனால் சொல் உள்ளே இருந்தது. இதை வாசிப்பவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும், சன்னாசிக்கு அது தெரியும்.

எழுபத்தெட்டு கார்த்திகையில் சூறாவளி அடித்தது. அடுத்த மாதம் மூதூர் லோஞ்சில் வந்து இறங்கினான் யோகராசா. இலங்கைத்துறை என்ற மீன்பிடி ஊர்ப் பொடியன், சன்னாசியின் வயதுதான். தோணி போய்விட்டது, வலை போய்விட்டது, வீட்டின் மேல் தென்னை விழுந்து தகப்பனும் போய்விட்டார். கையில் ஒரு பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு கேற்றடியில் சன்னாசிக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். சன்னாசிக்கு அப்போது ஒரு சந்தோசம். தன்னைப்போல ஒருவன், தனக்குப் பின்னால் வந்தவன், தான் வழிகாட்டவேண்டியவன் என்று நினைத்தான். அந்தச் சந்தோசம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இருந்தது.

பூரணம் கேட்டாள்: "நீ ஆற்ற மகன்?"

"இலங்கைத்துறை சிவகுருட மகன்."

"எந்தச் சிவகுரு? வெருகலம்பதிக்கு வருசா வருசம் காவடி எடுக்கிற சிவகுருவோ? ஐயோ என்ர தெய்வமே, அவர் எங்கட சின்னம்மாட வீட்டுக்காரருக்குத் தமையன் முறையெல்லோ!"

பூரணம் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு இரண்டு அப்பம் சுட்டாள், இரண்டும் ஓரம் முறுகியவை. மீன் தலையையும் தூக்கி அவன் தட்டில் வைத்தாள். சன்னாசிக்கு நடு அப்பம், வெந்தும் வேகாதது. ஒரு வருடமாக அவளுக்கு விறகு கொத்திக் கொடுத்தவன் இவன். மீன் தலை இப்படி ஒரு நாளும் இவன் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

பின்னேரத்துக்குள் அபூதாஹிர் நானாவும் வந்துவிட்டார். "சிவகுருட மகனா? ஒங்கட வாப்பாட தோணியிலதான் நான் எத்தின தரம் நெல்லு ஏத்தின!" என்று தோளைப் பிடித்துக்கொண்டார். கேற்றுக் காவலனுக்கு யோகராசாவின் மாமனைத் தெரிந்திருந்தது. லோஞ்சுக்காரனுக்குப் பெரியப்பனைத் தெரிந்திருந்தது. ஒரே நாளில் ஒரு பட்டணம் முழுக்க அவனுக்குச் சொந்தமாகிவிட்டது. சன்னாசி பார்த்துக்கொண்டே இருந்தான். வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது, மிளகாய் கடித்தமாதிரி தொப்புளுக்கு மேலே ஓர் இடத்தில்.

சொந்தத்தை மட்டும் பார்த்து எரிந்திருந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கும். சன்னாசிக்கு யோகராசாவின் துன்பத்தைப் பார்த்தும் எரிந்தது. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். சூறாவளி என்றதும் ஆட்கள் கிட்ட வந்து உட்கார்ந்தார்கள். எத்தனை மணிக்குக் காற்று எழும்பியது, தென்னை எந்தப் பக்கம் சாய்ந்தது, அப்பருக்குக் கடைசியாக என்ன சொன்னாய் என்று கேட்டார்கள். பேப்பரில் படம் வந்தது. கூடாரமும் மாவும் வந்தன. யோகராசா சொல்லச் சொல்ல உச்சுக் கொட்டினார்கள். சன்னாசியின் லயம் எரிந்ததை யாரும் கேட்கவில்லை. அவனாகச் சொல்ல வாயெடுத்தாலும், "அது அரசியல், விடு" என்று கதையை மாற்றினார்கள். காற்று ஒருவனை அடித்தால் அவனுக்காக அழலாம். மனிதன் அடித்தால் யார் அடித்தான் என்று ஒரு பெயர் சொல்லவேண்டி வருகிறது, அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். எனக்கும் ஒரு புயல் வந்திருக்கக்கூடாதா என்று அவன் நினைத்தான். இப்படி ஒரு பொறாமையை அந்தக் கோணேசர் சாமிகூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்.

இத்தனைக்கும் யோகராசா நல்லவன். அதுதான் இன்னும் கடுப்பேற்றியது. விறகுப் பத்தியில் தன் பாயை விரித்து, "இஞ்சால வா, ரெண்டு பேரும் படுக்கலாம்" என்று பாதியைக் கொடுத்தான். வத்தைக்கும் துறைக்கும் நடுவே போட்ட பலகையில் ஈரம் இருந்தால் குதிகாலை எப்படி வைக்கவேண்டும் என்று காட்டிக் கொடுத்தான். அலை எழும்பும்போது நில், இறங்கும்போது நட என்றான். அதன் பிறகு சன்னாசி ஒரு தரமும் வழுக்கவில்லை. ஒவ்வொரு தரம் வழுக்காமல் கரைக்கு வரும்போதும் அவன்மேல் ஆத்திரம் வந்தது. வெறுப்பதற்கு ஏதாவது ஒரு குறை வைத்திருக்கக்கூடாதா இந்தப் பாவி?

குறை என்று பார்த்தால் ஒன்று இருந்தது. யோகராசா ரோசக்காரன். யாராவது குரலை உயர்த்தினால் அவன் முகம் சுண்டிவிடும். "எங்கட அப்பர் ஒருத்தரிட்டயும் பேச்சு வாங்கினதில்ல" என்று அடிக்கடி சொல்வான். செத்துப்போன தகப்பன் விட்டுப்போன சொத்து அவனுக்கு அது ஒன்றுதான். சன்னாசி அதையும் குறித்து வைத்துக்கொண்டான். எதற்கு என்று அப்போது அவனுக்கே தெரியாது.

பங்குனி மாதம் பக்கீர் என்ற வயதாளிக்கு முழங்கால் மடங்காமல் போய், மகளோடு இருக்க மூதூருக்குப் போனார். அவருடைய பத்தொன்பதாம் நம்பர் கழன்று நானாவின் மேசை லாச்சிக்குள் வந்து சேர்ந்தது. கேற்றடியில் குந்தியிருந்தவர்களில் முதலில் வந்தவன் சன்னாசிதான். நியாயமாகப் பார்த்தால் அவனுக்குத்தான். ஆனால் இந்த ஊரில் நியாயத்துக்கும் ஒரு தகப்பன் பெயர் வேண்டும் என்று அவன் கண்டிருந்தான். அந்தத் தகடு கிடைத்தால் கேற்றில் யாரும் ஆற்ற மகன் என்று கேட்கமாட்டார்கள், பத்தொன்பது வா என்பார்கள். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான், ஒரு பதில். நானா யோகராசாவின் பக்கம் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பிலும் அந்தப் பித்தளை கைமாறுவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தக் கிழமையில் ஒரு நாள், யோகராசாவின் தோளிலிருந்து ஒரு மா மூட்டை சரிந்து வத்தைக்கும் துறைக்கும் நடுவே தண்ணீரில் விழுந்தது. தொலைந்தான் என்று சன்னாசி உள்ளுக்குள் சந்தோசப்பட்டான். யோகராசாவோ சட்டையோடு குதித்து மூட்டையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டான். தலையிலிருந்து கால்வரை வெள்ளைக் கூழ் அப்பி, கோயில் சாமிக்கு மாக்காப்புப் போட்டமாதிரி நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானாவும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நான் போட்டிருந்தால்? தோட்டக்காட்டானுக்குக் கடல் வேலை தெரியுமா என்று ஒரு கிழமைக்குச் சொல்லியிருப்பார்கள். சன்னாசி அன்று முழுவதும் இதையே மென்றுகொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் வத்தை ஒன்றும் இல்லை. யோகராசா பூரணம் கடைக்குச் சாப்பிடப் போயிருந்தான். வாடி வாசலில் நின்ற நானா சன்னாசியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"சன்னாசி, யோகராசாவ அசர் தொழுதாப் பிறகு வாடிக்கு வரச் சொல்லு. அவனோட கொஞ்சம் கதைக்கோணும்."

முகம் கொடுத்துச் சிரித்துத்தான் சொன்னார். சன்னாசிக்கு அந்தச் சிரிப்பே போதும். முடிந்தது. நம்பர் அவனுக்கு. நேற்று வந்தவனுக்கு. சுருட்டின பாயோடு சொந்தக்காரர்களையும் கொண்டு வந்தவனுக்கு.

வாடியிலிருந்து கடைக்கு நூறு அடி இருக்கும். அந்த நூறு அடியில் சன்னாசி எதையும் திட்டம் போடவில்லை. அப்படித்தான் பிறகு எத்தனையோ வருடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கடைக்குப் போனான். யோகராசா கை கழுவிக்கொண்டிருந்தான். பூரணம் பின்னால் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். சன்னாசி சொன்னான்:

"நானா பேசணுமாம். சாயங்காலம் ஒன்னைய வாடிக்கு வரச் சொன்னாரு."

யோகராசாவின் கையிலிருந்து செம்பு மெல்லக் கீழே வந்தது.

"பேசோணுமாமோ? நேற்றைய மூட்டைக்கோ?"

"அது எனக்குத் தெரியாது. பேசணும்னுதான் சொன்னாரு."

"கோவமா இருந்தவரோ?"

இந்த இடத்தில்தான் ஒரு மனிதன் மனிதனாக இருந்திருக்கலாம். சிரிச்ச முகந்தான்னு சொன்னால் போதும். சன்னாசி செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான். குடித்து முடிய நெடுநேரம் எடுத்தான்.

"வாடியில எல்லாரும் இருந்தாங்க" என்றான்.

அது பொய் இல்லை. எல்லோரும் இருந்தார்கள்தான். யோகராசாவின் முகம் சுண்டிக் கறுத்தது. எல்லோருக்கும் முன்னால் பேச்சு வாங்குவதா? அதுவும் அப்பரின் தோணியில் நெல் ஏற்றியவரிடமா? "எனக்கு ஏலாது" என்றான். "தனியக் கூப்பிட்டுப் பேசியிருந்தாலும் கேட்டிருப்பன். நாலு பேருக்கு முன்னால எனக்கு ஏலாது, சன்னாசி."

ஊருக்குத் திரும்ப மூன்று மணி லோஞ்சில் ஏறினான். பூரணத்துக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மறிப்பாள் என்றான். சன்னாசிதான் துறைவரைக்கும் கூடப் போனான். லோஞ்சு கழன்று இரண்டடி போன பிறகு, யோகராசா சுருட்டிய பாயைக் கரைக்கு எறிந்தான்.

"நீ வைச்சுக்கொள், உனக்குப் பாய் இல்லத்தானே" என்று கத்தினான்.

சன்னாசி பாயைப் பிடித்தான். முழுப்பாய் இப்போது அவனுக்கு. கை காட்டினான், யோகராசாவும் காட்டினான். லோஞ்சு முனை திரும்பி மறையும்வரை சன்னாசி நின்றான். அவன் திரும்பி வந்துவிடுவானோ என்ற பயத்தில்தான் நின்றான்.

மறுநாள் காலை பூரணம் கடையில் எல்லோரும் இருந்தார்கள். நானா வந்து சன்னாசிக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து அவன் வரல்லயே, லோஞ்சேறிப் போயிட்டானாம். நீ என்னெண்டு சொன்ன?"

"நீங்க பேசணும்னு சொன்னீங்கன்னு சொன்னேங்க."

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது, கூரை பறந்தது. "பேசணுமாம்! நானா பேசணுமாம்!" ஒருவன் மேசையில் அடித்துச் சிரித்தான். ஒருவனுக்குப் புரையேறியது. நானா தலையில் கைவைத்து, "யா அல்லா, இவன் இன்னும் படிக்கல்லயே" என்று தானும் சிரித்தார். யாருக்கும் கோபம் வரவில்லை. கள்ளமில்லாத தோட்டத்துப் பொடியன், வாய் தவறிவிட்டது, பாவம். ஒருவன் அவன் முதுகில் தட்டினான். அந்த ஊர் அவனைத் தன் ஆளாகத் தொட்டது அதுதான் முதல் தரம்.

பூரணம் மட்டும் சிரிக்கவில்லை. பிளேன்டீயை அவன் முன்னால் வைத்துவிட்டு, "நான் உனக்குச் சொல்லித் தந்தனான்தானே?" என்றாள்.

"வாயில வரமாட்டேங்குதுக்கா."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சிரித்து முடித்த நானா மடியிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தார். பத்தொன்பதாம் நம்பர்.

"இந்தா. இது உனக்கெண்டு நான் எப்பயோ நினைச்சது. நீதானே மூப்பு. நேத்து வந்தவனுக்குக் குடுத்தா அது ஹக் இல்ல, நியாயமில்ல. அவன் மனம் நோகக்கூடாதெண்டுதான் கூப்பிட்டுக் கதைக்க நான் நினைச்ச. லோஞ்சில கடல் தெரிஞ்ச ஒரு ஆள் கேட்டிருந்தாங்க, அந்த வேலைய அவனுக்கு நான் பேசி... கதைச்சு வைச்சிருந்த." தன் வாயும் தவறியதில் அவருக்கு இன்னொரு சிரிப்பு வந்தது.

சன்னாசி தகட்டைக் கையில் எடுத்தான். குளிர்ந்திருந்தது. அது நேற்று மத்தியானமும் அவனுடையதாகத்தான் இருந்திருக்கிறது. அவன் அந்த நூறு அடி நடந்தபோதும், தண்ணீரை நெடுநேரம் குடித்தபோதும், லாச்சிக்குள் அவனுக்காகவே கிடந்திருக்கிறது. யோகராசாவைத் துரத்தி அவன் ஒன்றையும் வெல்லவில்லை. கடை முழுக்க அவனைப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்ததால் அவனும் சிரித்தான்.

நானா ஆள்விட்டு யோகராசாவுக்குச் சொல்லியனுப்பினார். அதற்குள் அவன் கூலிக்கு வலை இழுக்க வாகரைப் பக்கம் போய்விட்டானாம். லோஞ்சு வேலை இன்னொருவனுக்குப் போனது.

பிறகு மூன்று வருடம். சன்னாசி பாலையூற்றில் ஒரு துண்டுக் காணியில் குடிசை போட்டான். கேற்றில் பத்தொன்பது வா என்றார்கள். அப்பம் ஓரம் முறுகி வந்தது. ஆனால் அவனுடைய சொல் துறைமுகத்தின் பகிடியாகிவிட்டது. யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டால், "பூரணம் அக்கா பேசணுமாம்" என்பார்கள். சம்பள நாளில் "கங்காணி பேசணுமாம்" என்பார்கள். மூதூர் லோஞ்சில்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒவ்வொரு தரமும் சன்னாசி அசட்டுச் சிரிப்புச் சிரிக்கவேண்டும். அதைவிடக் கொடுமை, அவனால் இனி ஒரு நாளும் கதைக்கிறது என்று சொல்ல ஏலாது. சொன்னால் தெரியும் என்று ஆகிவிடும். ஆகவே ஊரில் எல்லோரும் கதைத்தார்கள், அவன் ஒருவன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். அவர்களில் ஒருவனாக ஆன அன்றைக்கே, கடைசிவரை தோட்டத்துப் பொடியனாக இருக்கவேண்டிய கட்டாயமும் வந்து சேர்ந்தது. தெரியாமல், உண்மையாகவே பிழை விடுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு இப்போது பொறாமையாக இருந்தது.

எண்பத்திரண்டு சித்திரையில் ஒரு காலை, லோஞ்சிலிருந்து இறங்கியவர்களில் யோகராசா இருந்தான். இளைத்துக் கறுத்திருந்தான். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை, வலைக்கயிறு வெட்டியதாம். பின்னால் மனைவி, இடுப்பில் இரண்டு வயதுப் பெண்பிள்ளை. கோணேசர் கோயிலில் பிள்ளைக்கு முடியிறக்க வந்திருந்தான். சன்னாசியைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

பூரணம் கடையில் எல்லோரையும் உட்கார வைத்தாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்து, "சிவகுருட பேத்தியோ, என்ர செல்லம்" என்று கொஞ்சினாள். இந்தப் பிள்ளை பட்டணத்தில் கால் வைத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் அதற்கு ஓர் அத்தை. சன்னாசியின் தொப்புளுக்கு மேலே அந்தப் பழைய இடம் இலேசாக எரிந்தது. இன்னுமா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"சன்னாசி, நீ என்னில கோவிக்கக்கூடாது" என்றான் யோகராசா. "இண்டைக்கு லோஞ்சில வரேக்கதான் கேள்விப்பட்டனான். பேசணும் எண்டது உங்கட கதையில கதைக்கோணும் எண்டதாமே! நான் விசரன், நானாவோட சும்மா கோவிச்சுக்கொண்டு போயிட்டன். மூண்டு வருசம் அந்த மனுசனை மனதுக்குள்ள திட்டினனான். நீ ஒழுங்காத்தான் சொன்னனீ. பிழை என்ர."

மடங்காத விரல்களோடு அந்தக் கை சன்னாசியின் கையைப் பிடித்திருந்தது. யோகராசா வாய்விட்டுச் சிரித்தான். வேலை போனதை, விரல் விறைத்ததை, எல்லாவற்றையும் ஒரு பகிடி என்று எடுத்துக்கொண்டு அவனால் சிரிக்க முடிந்தது. நானாவிடமும் போய் மன்னிப்புக் கேட்கப்போகிறானாம். கேட்டுவிட்டு மத்தியான லோஞ்சில் நிம்மதியாகப் போய்விடுவான். இந்த நிம்மதிதான் சன்னாசியைக் கொன்றது. யோகராசாவிடம் இருந்த எல்லாவற்றிலும் இதைப்போல ஒன்றின்மேலும் அவன் ஆசைப்பட்டதில்லை.

சும்மா இருந்திருக்கலாம். ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், சாகும்வரைக்கும் எல்லாம் சரி.

"யோகராசா" என்றான். "உன்னோட கொஞ்சம் கதைக்கோணும்."

சொல் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது, கரையில் பிறந்தவன் சொன்னமாதிரி. அடுப்படியில் பூரணம் திரும்பிப் பார்த்தாள்.

"அட!" என்று யோகராசா அவன் தோளில் அடித்தான். "எங்கட கதை பழகிட்டாய்! எப்ப பழகினனீ?"

"நீ இஞ்ச வாறதுக்கு முந்தியே" என்றான் சன்னாசி.

யோகராசா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். கேட்டது அவனுக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.